வெப்சைட் நடத்திச் சம்பாதிக்கலாமா? தொடங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)

செயலாளர் சார் எனக்கு இருபது நிமிடம் என்று சொல்லியிருக்கிறார். கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். டீ வந்துவிட்டது, குடித்துக்கொண்டே கேட்கலாம்.

இந்தப் பேச்சு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் முன்பு நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் என்னைக் கூப்பிட்டு ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார்கள். "ரெடிமேட் வெப்சைட், 25,000 ரூபாய் கட்டினால் போதும், நாங்களே கட்டுரை போடுவோம், நாங்களே விளம்பரம் வாங்குவோம், மாதம் 15,000 உங்கள் கணக்குக்கு வரும்" என்று இருந்தது. வீட்டுக்காரர் போன வருடம்தான் சர்வீஸ் முடித்தார். கையில் செட்டில்மென்ட் பணம் இருக்கிறது. பையனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. "அக்கா, நீங்கள் வெப்சைட் வைத்திருக்கிறீர்களே, இது சரியா?" என்று கேட்டார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன்: மாதம் 15,000 தானாக வரும் ஒன்றை, அவர்கள் ஏன் 25,000-க்கு விற்கிறார்கள்? இரண்டே மாதத்தில் அவர்களுக்கே வந்துவிடுமே!

அவர்கள் பணம் கட்டவில்லை. ஆனால் கட்டும் நிலையில்தான் இருந்தார்கள். அதைப் பெரிய தவறு என்று நான் சொல்லமாட்டேன். 2024 ஜனவரியில் கோவை நீலம்பூர் பக்கம் ஆயிரக்கணக்கான பேர் கூடியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். செல்போனில் விளம்பரம் பார்த்தால் பணம் தருகிறோம் என்று சொன்ன ஒரு நிறுவனத்தின் மேல் போலீஸ் வழக்கு வந்ததும், பணம் கட்டியவர்களே அந்த நிறுவனத்துக்கு ஆதரவாக வந்து நின்றார்கள். படித்தவர்கள், வேலையில் இருந்தவர்கள் எல்லாரும் அதில் உண்டு. இணையத்தில் பணம் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெளிவாகத் தெரியாததால்தான் இதெல்லாம் நடக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு வெப்சைட்டுக்குப் பணம் கொடுக்க மூன்று பேர்தான் இருக்கிறார்கள். விளம்பரம் கொடுப்பவர், அந்தத் தளத்தின் வழியாக ஏதாவது பொருளோ சேவையோ வாங்குபவர், படிப்பதற்கே கட்டணம் கட்டுபவர். நாலாவது ஆள் கிடையாது. நீங்களே பணம் கட்டி உங்களுக்கே வருமானம் வரும் என்று யாராவது சொன்னால், அந்த வெப்சைட்டின் வாடிக்கையாளர் நீங்கள்தான்.

விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். கூகுள் ஆட்சென்ஸ் 2003-இல் வந்தது. உங்கள் பக்கத்தில் ஓர் இடம் விட்டால் அவர்களே விளம்பரம் போடுவார்கள், வருகிற தொகையில் ஒரு பங்கு உங்களுக்கு. தமிழில் எழுதுபவர்கள் ரொம்ப நாள் அதற்குள் போகமுடியவில்லை, ஏனென்றால் தமிழ் அவர்களுடைய மொழிப் பட்டியலில் இல்லை. இந்திக்கு 2014 கடைசியில் வந்தது, வங்காளத்துக்கு 2017-இல், தமிழுக்கு 2018 பிப்ரவரியில். அதாவது 2003, 2004-இலிருந்து தமிழில் வலைப்பூ எழுதிய அத்தனை பேரும் பதினைந்து வருடத்துக்கு நெருக்கமாக ஒரு பைசா விளம்பர வருமானம் பார்க்காமல் எழுதினார்கள். இன்றைக்குத் தேடினால் தமிழில் உருப்படியாகக் கிடைக்கும் சமையல் குறிப்பு, கோயில் வரலாறு, பயணக் குறிப்பு பலவும் அந்தக் காலத்து ஆட்கள் எழுதிப் போட்டதுதான்.

சரி, இப்போது வாசல் திறந்திருக்கிறது. எவ்வளவு வரும்? ஒரு கணக்குக்காக, ஆயிரம் தடவை உங்கள் பக்கம் பார்க்கப்பட்டால் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பைப் பொறுத்து, படிப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். டாலர் 85 ரூபாய் என்றால் 8,500 ரூபாய். அதற்கு 2,12,500 பார்வை வேண்டும். ஒரு வருடத்துக்குள் அந்த முதல் தொகையைப் பார்க்க வேண்டுமென்றால் தினமும் 580 பார்வை. புதிதாகத் தொடங்கிய தளத்துக்கு முதல் ஆறு மாதம் தினமும் ஐந்து, பத்து பேர் வந்தாலே அதில் பாதிப் பேர் நம் சொந்தக்காரர்கள்தான். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள். யாராவது மாதம் 15,000 என்றால் அதைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம்.

இப்போது என் கதை. இதை நான் இதுவரை இங்கே யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய கடமை ஒன்று இருக்கிறது, ஏன் என்று கடைசியில் புரியும்.

2011-இல் நாங்கள் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருந்தபோது பிளாக் ஒன்று தொடங்கினேன். நெய்வேலியில் பிளாக் என்றால் நமக்கு வட்டம்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது வலைப்பூ! குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் சுற்றிலும் இடம் உண்டு. மா, பலா, முருங்கை, தென்னை, கொல்லையில் கீரை. எனக்குத் தாவரவியல் படித்த படிப்பு வீட்டில் சும்மா கிடந்தது. செடிகளைப் பற்றி வாரம் ஒன்று எழுதினேன். படித்தது என் தங்கையும், துபாயில் இருக்கும் என் சித்தப்பா மகனும் மட்டும்தான்.

அந்த வருடம் டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல். உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் ஒரே காலையில் போனது. நம் டவுன்ஷிப்பில் நிழல் தந்த மரங்கள் ரோட்டின் குறுக்கே கிடந்தன. எங்கள் கொல்லையில் ஒரு பலாக்கன்று, நாலு வருடம் ஆனது, சாய்ந்து பாதி வேர் வெளியே தெரிந்தது. வேரைக் காய விடாமல் ஈரச் சாக்கைப் போர்த்தி, கிளைகளில் பாதியைக் கழித்து, கயிறு கட்டி மெல்ல நிமிர்த்தி, மண்ணை அணைத்து, முட்டுக் கொடுத்தோம். பிழைத்துக்கொண்டது. கரண்ட் வந்தபிறகு அதைப் படத்தோடு அப்படியே எழுதிப் போட்டேன். எந்த வயது மரத்தை நிமிர்த்தலாம், எதை நிமிர்த்தி வீண்வேலை செய்யக்கூடாது, வெட்டிய இடத்தில் என்ன பூசுவது, முருங்கை என்றால் நிமிர்த்தாமல் போத்து வெட்டி நடுவது. ஒரு மணி நேரத்தில் எழுதியது. அதற்கு முன்னும் பின்னும் நான் எழுதிய எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த ஒரு பக்கத்துக்கு வந்த ஆட்களில் பாதி வராது. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்று செய்தி வந்ததும் அந்தப் பக்கத்துக்கு ஆட்கள் வருவார்கள்.

2018-இல் தமிழுக்கு விளம்பரம் வந்ததும் நானும் ஒரு விளம்பரத் திட்டத்தில் சேர்ந்தேன். மாதம் இரண்டு டாலர், மூன்று டாலர். நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி எல்லாம் தென்னை அடியோடு சாய்ந்தது. அன்று மாலையிலிருந்து என் தளத்துக்குக் கூட்டம். டெல்டாவில் பல ஊரில் வாரக்கணக்கில் கரண்டே இல்லை. படித்தவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்த பிள்ளைகள். படித்துவிட்டு ஊருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பார்வைக்கு விளம்பரத் தொகை அதிகம். பத்தே நாளில் கணக்கில் 60 டாலர் ஏறியது. அவர்கள் வீட்டில் மரம் சாய்ந்த அன்று என் கணக்கில் காசு ஏறியது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லக்கூடாது, தினமும் காலையில் எழுந்ததும் அந்த எண்ணைத்தான் பார்த்தேன்.

தை மாதம் கூட்டம் வடிந்துவிட்டது. கணக்கு 92 டாலரில் நின்றது. இன்னும் எட்டுதான். நாம் இந்த அடுக்ககத்துக்குக் குடிவந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. லேடீஸ் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டேன். "என் பக்கத்துக்குப் போய் அதில் வரும் விளம்பரத்தை ஆளுக்கு இரண்டு தடவை தட்டுங்கள், என் முதல் சம்பளம் வந்ததும் எல்லாருக்கும் ஐஸ்கிரீம்." ஞாபகம் இருக்கிறதா? சிரிக்கிறீர்கள், ஞாபகம் இருக்கிறது. பாசத்தில் நீங்கள் இரண்டு இல்லை, இருபது தடவை தட்டினீர்கள். மூன்றாம் நாள் கணக்கு 100-ஐத் தாண்டியது. ஐந்தாம் நாள் மின்னஞ்சல் வந்தது, கணக்கு மூடப்பட்டது என்று. அதிலிருந்த பணம் விளம்பரம் கொடுத்தவர்களுக்குத் திரும்பிப் போகும்.

தப்பு முழுக்க என்னுடையது. சேரும்போது ஒப்புக்கொண்ட விதியிலேயே எழுதியிருந்தது: உங்கள் விளம்பரத்தை நீங்கள் தட்டக்கூடாது, தட்டச் சொல்லி யாரையும் கேட்கவும் கூடாது. நான் படிக்காமல் "சம்மதம்" என்று அழுத்தியிருந்தேன். ஒரே ஊரிலிருந்து, ஒரே வைஃபையிலிருந்து, வந்த உடனே விளம்பரத்தை மட்டும் தட்டிவிட்டுப் போனால் கம்ப்யூட்டருக்குத் தெரியாதா? விளம்பரம் கொடுத்த ஒரு சின்ன வியாபாரிக்கு ஒவ்வொரு தட்டுக்கும் காசு போகிறது. யாரோ ஒருவருடைய பையில் கைவைக்கச் சொல்லித்தான் உங்களைக் கேட்டிருக்கிறேன். ஐஸ்கிரீம் ஏன் வரவில்லை என்று ஒரு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். "டெக்னிகல் பிராப்ளம்" என்று சொல்லித் தப்பித்தேன். இதுதான் அந்த டெக்னிகல் பிராப்ளம். என்னை மன்னித்துவிடுங்கள்.

முறையீடு செய்து பார்த்தேன், ஏற்கவில்லை. என் கணவர் பேரில் புதுக் கணக்கு தொடங்கலாம் என்று பையன் சொன்னான். அதே தளம், அதே விலாசம், அதே வங்கிக் கிளை, அதுவும் விதிமீறல்தான் என்று விட்டுவிட்டேன். ஆகவே தொடங்குபவர்களுக்கு என் முதல் குறிப்பு, விளம்பரம் போட்டால் அது நம் வீட்டுச் சுவரில் மாட்டிய பக்கத்து வீட்டு உண்டியல் மாதிரி. பார்க்கலாம், தொடக்கூடாது.

அப்புறம் எப்படி இன்னும் நடத்துகிறீர்கள் என்றால், விளம்பரம் போனபிறகுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். எனக்கு வரும் மின்னஞ்சல்களில் பாதி, "எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமா?" என்று கேட்டவை. வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம். ஒரு வீட்டு மாடியில் தோட்டம் அமைத்துக் கொடுத்துக் கூலி வாங்கினேன். அந்த ஒரு நாளில் வந்தது, அந்த 92 டாலரைச் சேர்க்க எடுத்துக்கொண்ட எட்டு மாதத்தில் வந்ததற்குக் கிட்டத்தட்ட சமம். போன வருடம் 14 வீடுகளுக்குச் செய்தேன். தளத்தில் இப்போது விளம்பரமே இல்லை. கீழே என் தொலைபேசி எண் மட்டும் இருக்கிறது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. ராயபுரத்துக்காரர் முருகவேல் ஜானகிராமன் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள், பாரத் மேட்ரிமோனி நிறுவனர். 1997-இல் அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தபோது தமிழர்களுக்காக ஒரு தளம் தொடங்கினார். அதில் தமிழ் நாட்காட்டி இருந்தது, பண்டிகை நினைவூட்டல் இருந்தது, வாழ்த்து அட்டை இருந்தது. ஒரு ஓரத்தில் வரன் பகுதியும் இருந்தது. ஆட்கள் வந்ததெல்லாம் அந்த ஓரத்துக்குத்தான். அவர் அதைக் கவனித்து, வரன் பகுதியைத் தனியாக எடுத்து வளர்த்து, பிறகு கட்டணச் சேவையாக ஆக்கினார். 2017-இல் அந்த நிறுவனம் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது. அவர் மனைவியைச் சந்தித்ததும் அந்தத் தளத்தின் வழியாகத்தான். பெரிய இடத்து உதாரணம் சொல்லி ஆசை காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். நான் இதில் பார்ப்பது ஒன்றுதான்: நாட்காட்டி நன்றாக இருக்கிறதே என்று அதையே அவர் பிடித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எந்தப் பக்கத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், வந்து என்ன கேட்கிறார்கள் என்பதை மாதம் ஒரு முறையாவது உட்கார்ந்து பாருங்கள். எண்ணிக்கை காட்டும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அடுத்த கேள்வி, எதைப் பற்றி எழுதுவது? இங்கேதான் நாம் நம்மையே குறைத்து மதிப்பிடுகிறோம். "எனக்கு என்னம்மா தெரியும், முப்பது வருடம் பாய்லர் பக்கத்தில் நின்றேன்" என்று ஒரு சார் என்னிடம் சொன்னார். கொதிகலன் இயக்கப் பொறியாளர் தேர்வு எழுதும் பையன்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். ஓவர்மேன், ஃபோர்மேன், மேனேஜர் சான்றிதழுக்கு டிஜிஎம்எஸ் தேர்வு எழுதுபவர்கள் சுரங்கம் இருக்கும் ஊரெல்லாம் இருக்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் என்ன கேட்பார்கள், டிரம் லெவல் குறைந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவத்தில் சொல்ல ஆள் எங்கே? பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் எப்படி மண்ணை வெட்டுகிறது, நிலக்கரிக்கு அடியில் இருக்கும் ஊற்று நீரின் அழுத்தத்தைக் குறைக்க ஏன் இரவு பகலாகப் பம்ப் ஓட வேண்டியிருக்கிறது என்பதைத் தமிழில் எளிமையாக விளக்க நம்மைவிட யாருக்குத் தகுதி? அலுவலக ரகசியம், உள் ஆவணம், உள்ளே எடுத்த புகைப்படம் எதுவும் போடக்கூடாது, அது வேறு. பாடப்புத்தகத்தில் இருக்கும் விஷயத்தை அனுபவசாலி விளக்குவதைச் சொல்கிறேன்.

அதேபோல முந்திரிப் பருப்பில் தரம் பார்ப்பது எப்படி, வேலுடையான்பட்டு பங்குனி உத்திரத்துக்கு வெளியூரிலிருந்து வருபவர் எங்கே தங்குவது, வடலூர் தைப்பூசத்துக்கு எந்த வழியாக வந்தால் நெரிசல் குறைவு, பத்தாம் வகுப்புக் கணக்கில் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். இதற்கெல்லாம் தேடுகிற ஆள் இருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் வயல்காட்டில் சமைத்த ஒரு குடும்பத்தின் யூடியூப் சேனல் 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் ஆனது. அவர்கள் ஸ்டூடியோ தேடிப் போகவில்லை, தாத்தாவும் வயலும் இருந்தது போதுமாக இருந்தது. அவர்களைப் போல ஆகவேண்டும் என்று கிளம்ப வேண்டாம். கையில் இருப்பதை வைத்துத் தொடங்கினார்கள் என்பதைப் பாருங்கள்.

வேலை எப்படித் தொடங்குவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாகர் போன்ற இலவச இடத்தில் ஒரு பத்துப் பதினைந்து கட்டுரை எழுதிப் பாருங்கள். மூன்று மாதம் கழித்தும் எழுத ஆசை இருந்தால் சொந்தப் பெயர், அதாவது டொமைன் வாங்குங்கள். முதல் வருடம் மிகக் குறைந்த விலை போட்டிருப்பார்கள், இரண்டாம் வருடம் புதுப்பிக்கும் விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மிக முக்கியம், டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் பதிவாக வேண்டும். எனக்குத் தெரிந்த முந்திரி வியாபாரி ஒருவர், தளம் செய்துகொடுத்த பையனே எல்லாவற்றையும் தன் பெயரில் பதிவு செய்துகொண்டதைக் கவனிக்கவில்லை. பையன் வெளிநாடு போய்விட்டான், புதுப்பிக்கவில்லை. இன்றைக்கு அந்தப் பெயரைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. அவர் கடையின் பையில், விசிட்டிங் கார்டில், வேனில் எல்லாம் அந்த விலாசம் அச்சாகியிருக்கிறது! பையன் கெட்டவன் இல்லை, மறந்துவிட்டான். ஆனால் வேனுக்கு மறுபடி பெயின்ட் அடித்தது இவர்தான்.

நம்மில் ஆபீஸில் தட்டச்சு செய்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். பாமினி, வானவில் எழுத்துருவில் பழைய கோப்புகள் வைத்திருப்பீர்கள். அதை அப்படியே தளத்தில் ஒட்டினால் படிப்பவருக்குப் புரியாத எழுத்துகளாகத் தெரியும், தேடலிலும் வராது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் போட வேண்டும், மாற்றித் தரும் கருவிகள் இலவசமாக உண்டு. தட்டச்சுத் தெரியாதவர்கள் போனில் பேசினாலே தமிழில் எழுத்தாகிவிடுகிறது. பிறகு ஒரு முறை படித்துத் திருத்துங்கள், அது "பலாக்கன்று" என்றால் "பழகின்றது" என்று எழுதும்.

விளம்பரத் திட்டத்தில் சேருபவர்களுக்கு ஒன்று. ஆட்சென்ஸில் கணக்கு 10 டாலரைத் தொட்டதும் நம் விலாசத்தைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள், சாதாரணத் தபால்தான். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். நம் குடியிருப்பின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். வீட்டு எண், மாடி, தளம், அஞ்சல் குறியீடு எல்லாம் தபால்காரருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். கீழே செக்யூரிட்டி மேஜையில் கேட்பாரற்றுக் கிடக்கும் கவர்களில் அதுவும் ஒன்றாக இருக்கக்கூடும்.

பொருள்களைப் பரிந்துரைத்துக் கமிஷன் வாங்கும் வழியும் உண்டு. அமேசான் திட்டத்தில் சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். கமிஷன் வருகிறது என்பதை அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், அது சட்டப்படியும் தேவை. நாமே பயன்படுத்தாத ஒன்றை நல்லது என்று எழுதாதீர்கள். லிஃப்டில் எதிரே வருபவரிடம் முகம் கொடுத்துப் பேச வேண்டும் அல்லவா.

அடுத்தவர் எழுதியதை எடுத்துப் போடுவது பற்றி ஒரு மாமி கேட்டிருந்தார். வார இதழில் வந்த சமையல் குறிப்பைப் படம் பிடித்துப் போடுவது காப்புரிமை மீறல்தான். பாரதியார், கல்கி எழுத்துகளெல்லாம் நாட்டுடைமை, யாரும் போடலாம். ஆனால் மதுரைத் திட்டத்தில் தொடங்கி ஆயிரம் இடத்தில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. ஆயிரத்தொன்றாவது இடத்துக்கு யார் வரப்போகிறார்கள்? ஏஐயிடம் சொல்லி ஒரே நாளில் நூறு கட்டுரை போடுவதும் அப்படித்தான். தேடலில் ஏறுவதற்காகவே மொத்தமாகத் தயாரித்த பக்கங்களைக் கூகுள் 2024 மார்ச்சிலிருந்து வெளிப்படையாகவே குப்பை என்று வகைப்படுத்தித் தள்ளுகிறது. எழுத்துப் பிழை திருத்த, தலைப்பு யோசிக்க ஏஐ உதவும். சாய்ந்த பலாக்கன்றை அது நிமிர்த்தியதில்லை.

இப்போதும் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுத்துறை நிறுவனங்களின் நடத்தை விதிகளில் வெளி வருமானம், வியாபாரம் பற்றிக் கட்டுப்பாடு உண்டு. முதலில் உங்கள் பிரிவில் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மனைவி பேரில் போட்டுவிட்டு நீங்களே எழுதுவது புத்திசாலித்தனம் இல்லை. அவர்களே எழுதட்டும், நன்றாகவே எழுதுவார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் வருகிற தொகை சின்னதானாலும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். இதுவரை ஓய்வூதியத்துக்கு நிரப்பிய அதே படிவம் போதுமா, மாறுமா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கூட்டத்தில் வந்த கேள்விகளில் இரண்டைச் சேர்த்துவிடுகிறேன். "ஒருவேளை பணம் கட்டி ஏமாந்துவிட்டால்?" என்று ஒருவர் கேட்டார். நேரம் போகாமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு ஒரு வாரம் கழித்துச் சொல்வதுதான் பெரிய நஷ்டம்.

இன்னொருவர், "வாரம் எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்?" என்று கேட்டார். எனக்கு வாரம் நாலு மணி நேரம். அதில் எழுதுவது இரண்டு, வரும் கேள்விகளுக்குப் பதில் போடுவது இரண்டு. பதில் போடும் இரண்டு மணி நேரத்தில்தான் வேலை கிடைக்கிறது.

தொடங்க நினைப்பவர்கள் அடுத்த ஞாயிறு மாலை நாலரை மணிக்கு இதே அறைக்கு வாருங்கள். லேப்டாப் இருந்தால் நல்லது, போன் மட்டும் இருந்தாலும் போதும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் இதுவரை உங்களிடம் கேட்ட ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரவும். அதுதான் உங்கள் முதல் ஐந்து கட்டுரை. டொமைன் வாங்க யாரும் பணம் எடுத்து வரவேண்டாம்.

ஐஸ்கிரீம் நான் வாங்கி வருகிறேன். அந்தக் கடன் 2019-லிருந்து இருக்கிறது.